வெள்ளோட்டம்

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ராட்டினம் போட்டிருந்தார்கள். மரக் குதிரை, மர யானை, நடுவில் கையால் தள்ளிச் சுற்றும் இரும்புத் தூண். பிள்ளைகளெல்லாம் வரிசையில் காத்திருக்க, தொப்பை விழ ஆரம்பித்திருந்த ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரைமேல் தனியாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. தலையைச் சாய்த்து மேலே கம்பி மாட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ராட்டினக்காரர் சிரித்தார், கூட்டம் சிரித்தது. என் அக்கா மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

இறங்கி வந்து அவர் சொன்னது இதுதான்: "இந்தக் குதிர வேணாம். மேல கம்பி ஆடுது. பாப்பாவ யானையில ஏத்து."

அவர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். பெயர் சொல்லி அவரை நினைத்ததே இல்லை, அதனால் இங்கேயும் மாமா என்றே எழுதுகிறேன்.

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம் என்று பெயர். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் வெள்ளோட்டம் உண்டு. ஓடிப் பார்க்கிறவர் மாமா.

வாடகைக்கு வீடு பார்த்தால், சாமான் ஏற்றுவதற்கு முன் வெறும் தரையில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வருவார். கல்யாணத்துக்கு வேன் பேசினால் முதல் நாளே அதில் பண்ருட்டி வரைக்கும் போய்த் திரும்புவார். எங்கள் அம்மாவுக்கு டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தபோது, அதில் ஒன்றைத் தானே விழுங்கிவிட்டு, தலை சுற்றிக் கொல்லைப்புறச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா பயந்துபோய்க் கத்த, அவர் கண்ணை மூடிக்கொண்டே, "கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்கும்போல அத்த, டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க" என்றார். பிரஷர் இல்லாதவன் போட்டால் தலை சுற்றத்தான் செய்யும் என்று டாக்டர் திட்டியதை வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தார். திருந்தவில்லை.

அவருடைய மகளுக்குச் சிதம்பரத்தில் காலேஜ் கிடைத்தது. சேருவதற்கு முந்தின வாரம், மகள் ஊருக்கு வந்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பப்போகிற அதே காலை பஸ்ஸில் மாமா ஏறிப் போய்வந்தார். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டு போனாராம். "அவ நின்னுக்கிட்டுதான போவா? ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் தள்ளு. புதுச்சத்திரத்துக்கு அப்பறம் பரவால்ல" என்று வந்து சொன்னார். காலேஜுக்குப் பக்கத்திலிருந்த மெஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுப் பார்த்தார். ஹாஸ்டல் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்ததில், யார் நீங்கள் என்று வாட்ச்மேன் விரட்டியிருக்கிறார். அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னார். விரட்டினால் நல்ல வாட்ச்மேன் என்று அர்த்தமாம்.

ஏன் மாமா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். குழந்தையாக இருந்தபோது ஏதாவது நடந்ததா, யாருக்காவது ஏதாவது ஆனதா என்று துருவினேன். அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "அப்பிடில்லாம் ஒண்ணும் இல்ல மச்சான். யாராவது ஒருத்தர் மொதல்ல ஏறணும் இல்ல? அது நானா இருந்துட்டுப் போறன்" என்றார்.  அதற்குமேல் ஒரு காரணம் இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை.

மாமாவுக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அக்காவைக் கட்டிக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டார். எங்களுடையது முதுநகர் பக்கம், உப்பனாற்றங்கரை. அக்காவும் நானும் நடக்கப் பழகின கையோடு நீந்தப் பழகினவர்கள். மாமாவுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலில் கரும்புக்குப் பாய்வதுதான். முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்கினவர் இல்லை.

அப்படிப்பட்டவர்தான் வாட்டர் ஸ்கூட்டர் தொழிலுக்கு வந்தார். புதுச்சேரியில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய வண்டிகள் இரண்டை வாங்கினோம். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆறு அகலமாகி அலையில்லாமல் கிடக்கும் இடத்தில், அனுமதி வாங்கி ஒரு கொட்டகை போட்டோம். கடற்கரைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அங்கேயும் வந்தது. தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கிடையாது, அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும், அந்த வேகத்தில் முன்னால் பாயும். எனக்கு முதுநகரில் பைக் மெக்கானிக் கடை இருந்தது. இன்ஜின் வேலை என் பொறுப்பு. கணக்கு வழக்கு, ஆட்களிடம் பேசுவது மாமா பொறுப்பு.

காலையில் முதல் ஓட்டமும் அவர் பொறுப்பு. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையின் வார்களை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு, லாரி ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டியாக ஆற்றில் ஒரு பெரிய சுற்று விட்டு வருவார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் ஏறலாம். பக்கத்தில் பைபர் படகு வைத்திருந்த அந்தோணி அண்ணன் தினமும் வலையைச் சரிசெய்துகொண்டே இதைப் பார்ப்பார். "நீச்சல் தெரியாத ஆளு தண்ணியில டெஸ்ட் எடுக்குறாரு, நீச்சல் தெரிஞ்ச ஆளு கரையில நிக்குறாரு. நல்ல கம்பெனிடா ஒங்குளுது" என்பார்.

நான் சொல்லிக்கொடுக்கிறேன் மாமா, ஒரு மாசத்தில் பழகிவிடலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்.

"வேணாம் மச்சான். நீச்சல் கத்துக்கிட்டா பயம் போயிடும். பயம் போயிட்டா வண்டிய ஒழுங்கா கவனிக்க மாட்டன்."

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது. என் கைவேலையைத்தான் அவர் தினமும் பயந்து பயந்து சோதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"எம்மேல நம்பிக்க இல்லியா மாமா?"

"ஒம்மேல இருக்கு. தண்ணி மேலதான் இல்ல."

மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நடந்தது இது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தொழில் கிடையாது. வண்டிகளைக் கொட்டகைக்குள் ஏற்றி, பெட்ரோலை வடித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். பொங்கலுக்கு அப்புறம் திறந்தோம். ஒரு வண்டி முதல் நாளிலிருந்தே ஒழுங்காக ஓடியது. இன்னொன்று வம்பு செய்தது.

கரையில் ஸ்டார்ட் பண்ணினால் அருமையாக ஓடும். தண்ணீரில் தள்ளி மெதுவாக ஓட்டினாலும் ஓடும். ஆற்றின் நடுவுக்குப் போய் முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால், இருமுவதுபோல் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நின்றுவிடும். கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உலர்ந்து கிடந்தது. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் வரவில்லை என்று அர்த்தம். உலர்ந்திருந்தால் இன்ஜினுக்குப் பெட்ரோலே போய்ச் சேரவில்லை. ஆக டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கேயோ அடைப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பில்டரை மாற்றினேன். ஓட்டிப் பார்த்ததில் நின்றது. கார்புரேட்டரைப் பிரித்து, ஊசித் துளைகளையெல்லாம் காற்றடித்துச் சுத்தம் பண்ணினேன். மறுபடி நின்றது. பெட்ரோல் போகும் ரப்பர் ஓஸ் வெயிலில் இளகி, உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்கிறதோ என்று எல்லா ஓஸையும் புதிதாகப் போட்டேன். டேங்கைக் காலி செய்து, புது பெட்ரோல் ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் "ரெடி மாமா" என்பேன். ஒவ்வொரு முறையும் அவர் போய், நடு ஆற்றில் நின்று, அந்தோணி அண்ணன் படகில் கட்டி இழுத்து வரப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் தன் கூடப் படிக்கிறவர்களைச் சிதம்பரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. அப்பா கடை என்று பெருமையாகச் சொல்லி அழைத்திருந்தாள். ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றலாம் என்றேன். மாமாவும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் அவருக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "நல்லா ஓடுற வண்டியும் இதே மழையில, இதே கொட்டாயிலதான கெடந்துது? இதுல என்னான்னு தெரியாம அதுல எப்பிடிப் புள்ளைங்கள ஏத்துறது?"

வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுபடி கார்புரேட்டரைப் பூட்டி முடித்திருந்தேன். இந்த முறை நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு நீந்தத் தெரியும், இன்ஜின் நிற்கும்போது என்ன சத்தம் வருகிறது என்று காதால் கேட்கலாம் என்றேன்.

மாமா மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக்கொண்டே சொன்னார்: "நீ ரிப்பேர் பண்ணவன். அது ஓடணும்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுவ. நான் அது நிக்கணும்னு நெனச்சு ஓட்டுவன். அப்பத்தான் எங்க நிக்குதுன்னு தெரியும்."

வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன். போனார்.

ஆறு கடலுக்குள் இழுக்கும் நேரம் அது. மழைத் தண்ணீர் இன்னும் வடிந்து முடியவில்லை. வழக்கமான சுற்றைத் தாண்டி, முகத்துவாரத்தைப் பார்க்க நேராக முழு வேகத்தில் விட்டார். தூரத்தில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிந்தார். பிறகு அந்தச் சத்தம் நின்றது.

பின்னாலிருந்து, "எங்கடா அவரு?" என்று குரல் கேட்டது. அக்கா. சாப்பாட்டு கேரியரோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். நான் கை காட்டினேன். இழுப்பில் அந்தப் புள்ளி கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே மணல் திட்டில் அலை வெள்ளையாக உடைவது இங்கிருந்தே தெரிந்தது. அந்தோணி அண்ணன் படகைத் தள்ளினார், நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் பாதி தூரம் போவதற்குள் சத்தம் மறுபடி வந்தது. வண்டி திரும்பி எங்களைப் பார்க்க வந்தது. பக்கத்தில் வந்து நிறுத்தினார். முகமெல்லாம் உப்பு. கண் பளபளத்தது.

"மச்சான், டேங்க் மூடியத் தொறந்தன். பெட்ரோல் இருக்குதான்னு பாக்கத்தான் தொறந்தன். புஸ்ஸுனு காத்து உள்ள போச்சு. மூடிட்டு ஸ்டார்ட் பண்ணன், புடிச்சிக்கிச்சு."

கேட்ட மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வரவில்லை என்றால் டேங்குக்குள் ஒரு இழுப்பு உண்டாகி, பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டும்போது குடிக்கிற பெட்ரோல் கொஞ்சம், அதனால் தெரியாது. முழு வேகத்தில்தான் தெரியும். கரைக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் நான் என்ன செய்தேன்? முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். என் கையாலேயே கோளாறை வெளியே விட்டுவிட்டு, அதை இன்ஜினுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். பைக்கில் இந்தக் காற்று ஓட்டை மூடியிலேயே இருக்கும். இதில் தனியாக ஒரு குழாய் எங்கேயோ ஓடுகிறது. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

"தெரிஞ்சுபோச்சு மாமா. காத்துக் குழா அடைச்சிருக்குது. வாங்க போலாம், பத்து நிமிஷ வேல."

மாமா அசையவில்லை. "ஒரு தடவ தொறந்தன், ஒரு தடவ ஓடுச்சு. அதுக்குத்தான் ஓடுச்சுன்னு எப்பிடிச் சொல்றது? சும்மா வுட்டிருந்தாலும் ஓடியிருக்கலாம் இல்ல? மூடிய இறுக்கி மூடிட்டுப் போறன். மறுபடி அதே மாரி நின்னு, தொறந்ததும் ஓடுனா அதான் காரணம்."

"வேணாம் மாமா."

"தோ வந்துடறன்."

கரையில் அக்கா கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. வார்த்தை கேட்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பி அதே இடத்துக்கு, அதே வேகத்தில் விட்டார்.

அதே போல் நின்றது. ஆனால் ஆற்றின் இழுப்பு இப்போது இன்னும் ஜாஸ்தியாகியிருந்தது. அவர் மூடியைத் திறக்கக் குனிந்தபோது வண்டி குறுக்காகத் திரும்பி, மணல் திட்டுக்கு மேலே போய்விட்டது. ஒரு அலை பக்கவாட்டில் வந்து தூக்கியது. வண்டி கவிழ்ந்ததைப் பார்த்தேன். அவர் எந்தப் பக்கம் விழுந்தார் என்று தெரியவில்லை. அடுத்த அலை வந்துபோன பிறகுதான் ஆரஞ்சுச் சட்டை மேலே வந்தது, அதற்குள் அவர் தலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தோணி அண்ணன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே படகை அலைக்கு நேராகப் பிடிக்க, நான் குதித்தேன். சட்டையின் வாரைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டோம். உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தார். எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதே தூரத்துல நின்னுச்சு மச்சான். பாத்தியா?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது.

கவிழ்ந்த வண்டியையும் கட்டி இழுத்துக் கரை சேர்ந்தோம். அக்கா தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நின்றிருந்தாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் திட்டுவாள் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள், கை கால்களைப் பார்த்தாள். கரையேறி, கேரியரைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு, ஈரப் புடவையோடு வீட்டைப் பார்க்க நடந்தாள். மாமா இரண்டு முறை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

சனிக்கிழமை முழுக்க வண்டியோடு கிடந்தேன். தண்ணீர் புகுந்த இன்ஜினைக் காயவைத்து, ஆயில் விட்டு, மறுபடி உயிர் வரவைக்கவே பாதி நாள் ஆனது. அப்புறம் காற்றுக் குழாயைத் தேடிப் பிடித்தேன். முன்பக்க மூடிக்கு அடியில் வளைந்து போய் ஒரு மூலையில் முடிந்தது. நுனிக்குள் கம்பியை விட்டால் செம்மண் உதிர்ந்தது. மழைக் காலத்தில் கொட்டகைக்குள் சும்மா கிடந்த வண்டியில் குளவி வந்து கூடு கட்டியிருந்தது. மண்ணைக் குழைத்துக் குழைத்து, நகம் அளவுக்கு ஒரு கதவு. அதற்குள் காய்ந்துபோன சின்னப் புழுக்கள். இதற்காகத்தான் ஒரு மனுஷன் சாகப் பார்த்தார்.

சாயங்காலம் அக்கா கொட்டகைக்கு வந்தாள். மாமா பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். முந்தின நாளிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், துணி மடித்து வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்த மண் கட்டியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு பயந்த ஆளுன்னுதான் எல்லாரும் நெனக்கிறீங்க" என்றாள். "அவருக்கு அவரப் பத்திப் பயமே கெடயாது. குதிரையில அவரு வுழுந்தா பரவால்ல, மாத்திர தின்னு அவரு செத்தா பரவால்ல, கடல்ல அவரு போனா பரவால்ல. பரவால்லயான்னு எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்காரா? அவராவே முடிவு பண்ணிட்டாரு."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமும் அவர் எங்களுக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அக்கா பக்கம் நின்று நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் ஏறியிருந்தது. மகளும் அவள் தோழர்களும் சிதம்பரத்தில் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. மாமா வழக்கம்போல் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். நான் பின்னாலிருந்து தண்ணீருக்குள் தள்ளினேன். அப்போது அக்கா கொட்டகையிலிருந்து வந்தாள். மகளுடைய பழைய சுடிதார் போட்டிருந்தாள், மேலே ஒரு மிதவைச் சட்டை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, ஒரு கையை அவர் தோளில் ஊன்றி, பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா இது? எறங்கு" என்றார் மாமா.

"நீங்க எறங்குங்க, நானும் எறங்குறன்."

"ரிப்பேர் ஆன வண்டி. இன்னும் ஓட்டியே பாக்கல. நடுவுல நின்னுட்டா?"

"நின்னா நின்னுட்டுப் போவுது. எனக்கு நீச்சல் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேருல யாரு பயப்படணும், சொல்லுங்க."

இரண்டு நாளுக்கப்புறம் அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு. அந்தோணி அண்ணன் வலையை மடியில் போட்டபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"மச்சான், நல்லா பாத்தியா? அடைப்பு முழுசாப் போயிடுச்சா?"

"போயிடுச்சு மாமா."

"உள்ள இன்னொரு கூடு கீடு இருந்துட்டா?"

"கம்பி வுட்டு, காத்தடிச்சுப் பாத்துட்டன். ஒண்ணும் இல்ல."

"உறுதியா சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. ரெடி என்று நான் சொல்வேன், அவர் போவார், அவ்வளவுதான். இப்போது வண்டியிலிருந்து இறங்கி, முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி, அந்தக் குழாயின் நுனியில் வாயை வைத்து ஊதினார். டேங்க் மூடியைத் திறந்து, நான் உள்ளே காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வருகிறது என்றேன். மறுபடி ஊதினார். அக்கா சீட்டின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்று தளர்ந்திருந்தது, அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். 

கடைசியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். முகத்துவாரம் பக்கம் போகவில்லை, ஆற்றின் மேல் பக்கம் திருப்பினார். முதலில் நடக்கிற வேகம். அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டினார். முழு வேகத்தில் ஒரு நீளம் போய் வளைந்து திரும்பி வந்தார். இருமவில்லை, இழுக்கவில்லை. இன்னொரு சுற்று. அக்காவின் பின்னல் அவிழ்ந்து காற்றில் பறந்தது.

மூன்றாவது சுற்றில், நடு ஆற்றில் சத்தம் நின்றது.

நான் தண்ணீருக்குள் ஓடினேன். அந்தோணி அண்ணன் வலையை உதறிவிட்டுப் படகைத் தள்ளப் போனார். தூரத்தில் மாமா கையைத் தூக்கி ஆட்டினார். தண்ணீரின் மேல் அவர் குரல் தெளிவாக வந்தது.

"நிக்கல மச்சான்! நான்தான் நிறுத்துனன்!"

அங்கேயே இருந்தார்கள். வண்டி தண்ணீரில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒருசமயம் மாமாவின் முதுகு தெரிந்தது, ஒருசமயம் அக்காவின் முகம். ஏதோ பேசிக்கொள்வது தெரிந்தது. அந்தோணி அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைத்து, முழுக்கக் குடித்து முடித்த பிறகும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மகளும் தோழர்களும் வந்து இரண்டு வண்டியிலும் சாயங்காலம் வரை ஏறி ஓட்டினார்கள். ஒன்றும் நிற்கவில்லை.

அதற்கப்புறம் சில சீசன் தொழில் பண்ணினோம். காலையில் முதல் ஓட்டம் மாமாதான், அதை விடவில்லை. ஆனால் வேலை பார்த்த வண்டி என்றால், என்ன பண்ணினாய், எதை மாற்றினாய், எங்கே சந்தேகம் என்று என்னை உட்காரவைத்துக் கேட்பார். முகத்துவாரம் பக்கம் போக மாட்டார். அக்கா கரையில் இருந்தால் அவளைப் பார்த்து ஒரு தலையாட்டல். அவள் பதிலுக்குத் தலையாட்டினால்தான் சாவியைத் திருப்புவார். சில நாள் அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். காத்துக்கொண்டு நிற்பார்.

மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீரில் இல்லை. சிதம்பரத்தில் மகளுடைய கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து போனார். வண்டிகளை விற்றுவிட்டோம். நான் என் பைக் கடையோடு இருக்கிறேன்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சு எப்படியோ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது. நடு ஆற்றில் நிறுத்திவிட்டு அவ்வளவு நேரம் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் அச்சைக் கீழே வைத்தாள்.

"வண்டி நெசமாவே நின்னு கவுந்துட்டா, என்னைய வுட்டுட்டு நீ நீந்திக் கரைக்குப் போயிடணும், சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணாத்தான் ஸ்டார்ட் பண்ணுவன்னு ஒரே புடிவாதம்."

"நீ என்னா சொன்ன?"

"போயிடறன்னு சத்தியம் பண்ணன்."

மாவை எடுத்து அச்சில் திணித்தாள். சிரிப்பு வந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்பிட்டாருடா."